திங்க்பேட் டி43: டிஸ்க் மாற்றியதிலிருந்து 'எரர் 2010' வருகிறது. எஸ்கேப் தட்டி ஓட்டலாமா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறோம். டிசைன் பஞ்சிங் (படத்தைத் தையலாக மாற்றுவது) சாஃப்ட்வேர் ரொம்பப் பழையது. அதன் லாக், அதாவது சொருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும் சாவி, பிரின்டர் போர்ட்டில் சொருகுகிற வகை. அந்தப் போர்ட் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஒரு திங்க்பேட் டி43ஐ இன்னும் வைத்திருக்கிறோம். பென்டியம் எம், விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி டிஸ்க். நெட் இணைப்பு கிடையாது.

போன மாதம் டிஸ்க் 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. உயிர் போவதற்குள் மாற்றிவிடலாம் என்று 320 ஜிபி ஐடிஇ (பழைய 44 பின் இணைப்பு) லேப்டாப் டிஸ்க் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். லினக்ஸ் சிடியில் பூட் செய்து குளோன் எடுத்தேன். மிச்ச இடம் வீணாகக் கிடக்க வேண்டாமே என்று அதே சிடியில் சி டிரைவை முழு டிஸ்குக்கும் நீட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து ஆன் செய்தாலே கருப்புத் திரையில் 2010 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் இந்த சிஸ்டத்தில் சரியாக வேலை செய்யாமல் போகலாம், இது ஆதரிக்கப்படும் டிஸ்க்தானா, ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதியதுதானா என்று பார்த்துக்கொள், இதுதான் சாராம்சம். எஸ்கேப் அழுத்தினால் எக்ஸ்பி வந்துவிடுகிறது. அப்புறம் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. காலையில் பட்டறையைத் திறக்கிற அக்கா மட்டும் அதைப் பார்த்தாலே பயந்து எனக்கு போன் போடுகிறார்.

ஒரு கடையில் காட்டினேன், மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் டிஸ்க் டூப்ளிகேட் என்றார்கள். எதை நம்புவது? பதினைந்து வருஷ டிசைன் உள்ளே இருக்கிறது. எஸ்கேப் தட்டியே ஓட்டினால் டேட்டாவுக்கு ஆபத்தா?

பி.கு: பென் டிரைவில் டிசைன் ஏற்றுவது ஆமை வேகம். அது புதுப் பிரச்சனை இல்லை. முன்பு ஒருவர் எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், அன்றிலிருந்தே அப்படித்தான். டிஸ்க் விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

மின்னல்வேகம் எழுதியது:

நண்பா, 2005 மாடலுக்கு இவ்வளவு மெனக்கெடுவதா? புது டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, பேரலல் போர்ட் (அதான் பிரின்டர் போர்ட்) கார்டு ஒன்றைச் சொருகுங்கள். இல்லையென்றால் யுஎஸ்பி டு பிரின்டர் கேபிள் இருக்கிறது, சல்லிசு விலை. அதுவும் வேண்டாம் என்றால் அந்த 2010 எச்சரிக்கையையே எடுத்துவிட்ட பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) இணையத்தில் கிடைக்கிறது. அதை ஏற்றினால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

பழம்பெட்டி எழுதியது:

நூல்கண்டு, முதலில் ஒரு கேள்வி. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்து பாருங்கள். எக்ஸ்பி என்று எழுதியிருப்பதற்குக் கீழே 'சர்வீஸ் பேக்' என்று ஏதாவது வரி இருக்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லும் வரை அந்த லேப்டாப்பில் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம். செக்டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓட்டவே வேண்டாம். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

2010 விஷயம். மதர்போர்டு போகவில்லை. டிஸ்க் டூப்ளிகேட் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இது அந்த மாடலின் சுபாவம். டி43 வந்த 2005இல் லேப்டாப்புக்கான சாட்டா (ஐடிஇக்குப் பிறகு வந்த இணைப்பு) டிஸ்க் பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் அதில் இருக்கும் இன்டெல் ஐசிஎச்6-எம் சிப், டிஸ்குக்குக் கொடுப்பது சாட்டா வழி. அதனால் நடுவில் மார்வெல் சிப் ஒன்றைப் பாலமாக வைத்து, சாட்டாவை ஐடிஇ ஆக்கி, பழைய 44 பின் டிஸ்கை மாட்டினார்கள். டி43, டி43பி, ஆர்52, எக்ஸ்41 எல்லாம் இதே ஜாதி. எல்லா ஐடிஇ டிஸ்கும் அந்தப் பாலத்தோடு ஒழுங்காகப் பேசும் என்று அவர்களால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே பயாஸ் ஆன் ஆகும்போதே டிஸ்கின் மாடலையும் ஃபர்ம்வேரையும் கேட்டுப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த பட்டியலில் இல்லையென்றால் 2010 என்று சொல்லிவிட்டு எஸ்கேப்புக்குக் காத்திருக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. டிஸ்கைச் சோதித்துப் பார்த்துச் சொல்கிற முடிவு இல்லை அது. அதே திங்க்பேட்களில் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் 1802 என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும், மேலே போகவே விடாது. 2010 அந்த அளவுக்குக் கறார் இல்லை.

பயாஸ் சொல்லாததை நாம்தான் பார்க்க வேண்டும். பழைய சாமான் கடை டிஸ்க் என்கிறீர்கள். அந்த லினக்ஸ் சிடியிலேயே ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) எடுங்கள். 5ஆம் எண் வரியும் 197ஆம் வரியும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது, கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). இரண்டாவது, கெட்டுப்போகலாம் என்று வரிசையில் நிற்பவை. 199ஆம் வரி, டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் போகும் டேட்டாவில் வந்த பிழைகளின் கணக்கு. இன்றைக்கு அது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஏறாமல் அப்படியே நின்றால் உங்கள் டிஸ்குக்கும் அந்த மார்வெல் பாலத்துக்கும் சண்டை இல்லை, எஸ்கேப் தட்டி நிம்மதியாக ஓட்டலாம். ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைக் கழற்றி 44 பின்னில் எதுவும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். டி43இல் கேபிள் கிடையாது, டிஸ்க் நேராகப் போய்ச் சொருகும். கேடியில் (டிஸ்கைத் தாங்கும் சட்டத்தில்) லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தாலே தகராறு வரும்.

இப்போது நான் பயப்படும் விஷயம். பென் டிரைவ் ஆமை வேகம் என்று கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டி43இல் யுஎஸ்பி 2.0 இருக்கிறது. அப்படியிருந்தும் மெதுவாகப் போகிறதென்றால், உங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் 2001இல் வந்த முதல் எக்ஸ்பி சிடியை வைத்துப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த எக்ஸ்பிக்குச் சொந்தமாக யுஎஸ்பி 2.0 தெரியாது. அதற்குத் தெரியாத இன்னொன்று, 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்.

பழைய ஐடிஇ முறையில் செக்டரின் முகவரி 28 பிட். கணக்குப் போட்டால் 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சம் செக்டர். ஒன்றுக்கு 512 பைட் என்றால் 137 ஜிபியோடு முகவரி தீர்ந்துபோகிறது. 48 பிட் முகவரி வந்த பிறகுதான் இந்தத் தடை போனது. எக்ஸ்பியில் அது 2002இல் வந்த சர்வீஸ் பேக் 1 முதல்தான். உங்கள் டி43இன் பயாஸுக்கு 48 பிட் தெரியும், லினக்ஸ் சிடிக்கும் தெரியும். அதனால்தான் நீங்கள் சி டிரைவை முழு டிஸ்குக்கும் நீட்டியபோது ஒருவரும் தடுக்கவில்லை. ஆனால் சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பி அந்த எல்லைக்கு அப்பால் எழுதப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, எழுத முடியவில்லை என்று பிழை வரும், அதுவே நல்லது. இல்லையென்றால் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அதுபோல முகவரி சுற்றிக்கொண்டு டிஸ்கின் தொடக்கத்தில் போய் எழுதும். அங்கேதான் பார்ட்டிஷன் டேபிள் (எந்த டிரைவ் எங்கே என்ற அட்டவணை) இருக்கிறது, விண்டோஸ் இருக்கிறது. எந்த எண்ணும் வராது, எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு நாள் காலையில் பூட் ஆகாது, அவ்வளவுதான்.

செக்டிஸ்க் வேண்டாம் என்றது இதனால்தான். எல்லைக்கு அப்பால் இருப்பதை அதனால் படிக்க முடியாது. படிக்க முடியாததைச் 'சரி செய்கிறேன்' என்று வெட்டிவிட்டுப் போய்விடும்.

மின்னல்வேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரின்டர் போர்ட் லாக்குகள் பெரும்பாலும் 378 என்ற பழைய முகவரியில் நேராகப் போய்ப் பேசுபவை. புது கம்ப்யூட்டரில் போடுகிற பேரலல் கார்டு வேறு முகவரியில் உட்காரும், சாஃப்ட்வேர் லாக்கைக் காணோம் என்று சொல்லிவிடும். சில லாக்குகள் ஒத்துவருகின்றன, ஆனால் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். யுஎஸ்பி கேபிள் பிரின்டருக்கு மட்டும்தான் உதவும், லாக்குக்குப் பிரயோஜனமே இல்லை. மாற்றிய பயாஸ் கிடைக்கிறது, 2010ஐ எடுத்தும் விடுகிறது, உண்மைதான். ஆனால் ஒரே ஒரு மெஷினை நம்பித் தொழில் நடத்துபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஃபிளாஷ் செய்யும்போது கரண்டும் வேண்டும், சார்ஜ் நிற்கிற பேட்டரியும் வேண்டும். 2005 மாடலில் சார்ஜ் நிற்கிற பேட்டரிக்கு எங்கே போவது? தினமும் ஒரு தடவை எஸ்கேப் தட்டுவதை மிச்சப்படுத்த போர்டையே பணயம் வைப்பதா?

நூல்கண்டு எழுதியது:

பழம்பெட்டி அண்ணா, பார்த்துவிட்டேன். சர்வீஸ் பேக் வரியே இல்லை! வெறும் 'வெர்ஷன் 2002' என்றுதான் இருக்கிறது.

நல்ல வேளையாக டிஸ்கில் மொத்தமே முப்பது ஜிபிக்குள்தான் நிரம்பியிருக்கிறது. இப்போது சர்வீஸ் பேக் போட்டுவிடலாமா? அந்த லாக் டிரைவர் ரொம்ப நுணுக்கம். எதையாவது அப்டேட் செய்தால் சாஃப்ட்வேர் திறக்காது என்று விற்றவரே சொல்லியிருந்தார். அவர் இப்போது தொழிலில் இல்லை.

ஸ்மார்ட் பார்த்தேன். 5, 197 இரண்டும் பூஜ்யம். 199இல் 4 என்று இருக்கிறது.

பழம்பெட்டி எழுதியது:

199இல் 4 என்பது முன்பு இருந்த மெஷினில் வந்ததாகக்கூட இருக்கலாம். அந்தக் கணக்கு குறையவே குறையாது. 4 அப்படியே நின்றால் மறந்துவிடுங்கள்.

சர்வீஸ் பேக் வேண்டாம். உங்களுக்கு 320 ஜிபி எதற்கு? ஒரு டிஎஸ்டி கோப்பு (எம்பிராய்டரி டிசைன் கோப்பு) சில பத்து கேபி, மிஞ்சிப் போனால் சில நூறு கேபி. இன்னும் பதினைந்து வருஷம் பஞ்சிங் செய்தாலும் 120 ஜிபி நிரம்பாது. நீட்டிய சி டிரைவைத் திரும்பச் சுருக்குங்கள், பிரச்சனை தீர்ந்தது. எல்லைக்கு அப்பால் பார்ட்டிஷனே இல்லையென்றால் எக்ஸ்பி அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் லினக்ஸ் சிடியில் பூட் செய்து, டிசைன் ஃபோல்டர்கள் முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குக் காப்பி எடுங்கள். அதில் பத்துப் பதினைந்து டிசைன்களையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து தையல் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதால் மட்டும் உள்ளே டிசைன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்கப்புறம் அதே சிடியில் இருக்கும் ஜிபார்ட்டட்டில் (டிரைவின் அளவை மாற்றும் கருவி) சி டிரைவை 120 ஜிபிக்குச் சுருக்குங்கள். எல்லைக்கு அப்பால் ஏதாவது துண்டு போயிருந்தால் அதுவே முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் கதை கந்தலாகிவிடும், அதனால் யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். சுருக்கிய பிறகு எக்ஸ்பி தானாகவே செக்டிஸ்க் ஓட்டக் கேட்கும். அப்போது ஓட விடலாம், இனி அது எல்லைக்குள்தான் பார்க்கும். மிச்சமுள்ள 200 ஜிபி காலியாகவே கிடக்கட்டும். ஆசைப்பட்டு டி டிரைவ் ஆக்காதீர்கள்!

வைகைக்கரை எழுதியது:

2010ஐப் பார்க்கவே வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. நானும் டி43 வைத்திருக்கிறேன். சிடி டிரைவ் இருக்கும் இடத்தில், அதான் அல்ட்ராபே, அங்கே சொருகுகிற ஹார்ட் டிஸ்க் அடாப்டர் கிடைக்கிறது. அந்த இடத்துக்கு ஐடிஇ வழி நேராகப் போகிறது, மார்வெல் பாலம் நடுவில் வராது. டிஸ்கை அங்கே மாற்றிவிட்டு உள் இடத்தைக் காலியாக விட்டால் என் மெஷினில் 2010 வருவதில்லை. பயாஸில் பூட் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சிடி டிரைவ் போய்விடும், அதுதான் நஷ்டம்.

இன்னொன்று. யாராவது எம்சாட்டா எஸ்எஸ்டியை (சின்ன அட்டை வடிவச் சாட்டா டிஸ்க்) 44 பின் அடாப்டரில் போடச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். டி43இன் உள் இடத்தில் போட்டால் சாட்டா ஐடிஇ ஆகி, அந்த ஐடிஇ அடாப்டரில் மறுபடி சாட்டா ஆகிறது. இரண்டு பாலம். என்னிடம் இருந்த அடாப்டர் ஒன்றில் பயாஸ் லோகோவோடு உறைந்து நின்றது. ஜம்பரை மாஸ்டர் என்று வைக்கும் வசதியோடு வந்த வேறொரு அடாப்டரில் ஓடியது. ஓடினாலும் டிரிம் கட்டளை (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. எக்ஸ்பிக்கு டிரிம்மே தெரியாது என்பது வேறு கதை.

கரிசல்காடு எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2008 வாக்கில் வந்த கோர் 2 டியோ லேப்டாப், வேறு கம்பெனி. பழைய லேப்டாப்பிலிருந்த எக்ஸ்பி டிஸ்கை அப்படியே கழற்றி இதில் போட்டேன். பயாஸில் டிஸ்க் பெயர் வருகிறது. எக்ஸ்பி லோகோ வந்ததும் நீலத்திரை, 7பி என்று முடியும் எண். இதுவும் இந்தப் பட்டியல் சமாச்சாரமா?

பழம்பெட்டி எழுதியது:

கரிசல்காடு, இல்லை. பயாஸ் டிஸ்கை ஏற்றுக்கொண்டுவிட்டது, திணறுவது விண்டோஸ். 7பி என்றால் பூட் ஆக வேண்டிய டிஸ்கை விண்டோஸால் எட்ட முடியவில்லை என்று அர்த்தம். பயாஸில் சாட்டா மோட் ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்கோடு பேசும் புதிய முறை) என்று இருக்கும், எக்ஸ்பிக்குச் சொந்தமாக அந்த டிரைவர் கிடையாது. அதை ஐடிஇ அல்லது கம்பேட்டிபிள் என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு போய்விடும். போகாவிட்டால் தனி இழை தொடங்குங்கள், மாடல் பெயரோடு.

வைகைக்கரை சொன்ன அல்ட்ராபே யோசனை நல்லது. ஆனால் நூல்கண்டுவுக்கு லினக்ஸ் சிடி போட அந்த டிரைவ்தானே வேண்டும்? வேலையெல்லாம் முடிந்த பிறகு வேண்டுமானால் செய்யலாம். அதுவரை அக்காவுக்கு ஒரு சுலப வழி: சாயங்காலம் ஷட் டவுன் செய்யாமல் எஃப்என் கீயோடு எஃப்4 அழுத்தி ஸ்டேண்ட்பையில் போடுங்கள், சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். ஸ்டேண்ட்பையிலிருந்து எழும்போது பயாஸ் டிஸ்கை விசாரிப்பதில்லை, 2010 வராது. ஹைபர்னேட் செய்தால் வரும், அது முழுசாக அணைந்து எழுவது.

நூல்கண்டு எழுதியது:

அண்ணா, காப்பி எடுத்தேன், டிசைன்களைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கின்றன. 120 ஜிபிக்குச் சுருக்கியும் விட்டேன். எக்ஸ்பி ஏறுகிறது, லாக்கும் வேலை செய்கிறது. 199 இன்னும் 4தான். எஸ்கேப் கீயில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'இதை அழுத்தவும்' என்று எழுதி அக்காவிடம் கொடுத்தாயிற்று. ஸ்டேண்ட்பை எல்லாம் வேண்டாம் தம்பி, இதுவே போதும் என்கிறார்.

கடைசியாக ஒன்று. இந்த நிலையில் சி டிரைவை லாக் டிரைவரோடு சேர்த்து முழுசாக இமேஜ் எடுத்து வைக்க நினைக்கிறேன். எக்ஸ்பியிலேயே ஓடுகிற பழைய சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அதில் எடுக்கலாமா?

பழம்பெட்டி எழுதியது:

எடுக்கலாம், விடிய விடிய உட்கார வேண்டியிருக்கும். உங்கள் எக்ஸ்பியில் யுஎஸ்பி ஓடுவது 1.1 வேகத்தில், விநாடிக்கு 1 எம்பி வந்தாலே அதிகம். முப்பது ஜிபிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே போர்ட்டில் லினக்ஸ் சிடியிலிருந்து எடுத்தால் 2.0 வேகம் கிடைக்கும், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். குளோன்ஜில்லா மாதிரி நிரம்பிய இடத்தை மட்டும் எடுக்கிற ஒன்றைப் பயன்படுத்துங்கள். கோப்புகளை மட்டும் எடுக்காமல் டிஸ்க் முழுவதையும் இமேஜாக எடுக்கச் சொல்லுங்கள், பார்ட்டிஷன் டேபிளும் பூட் செக்டரும் சேர்ந்து வரும். வெளி டிஸ்க் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, துண்டு துண்டாகப் பிரிக்காமல் எடுத்தால் இமேஜ் பாதியில் நின்றுவிடும். முதலிலேயே என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள்.

அந்த இமேஜைத் திரும்ப இறக்க இன்னொரு 44 பின் டிஸ்கும் தேவைப்படும். 80 ஜிபி, 100 ஜிபி எது கிடைத்தாலும் வாங்கிப் போடுங்கள். ஆனால் சின்ன டிஸ்கில் இறங்க வேண்டுமென்றால் இமேஜ் எடுப்பதற்கு முன்பே சி டிரைவை 60 ஜிபிக்குச் சுருக்கிவிடுங்கள். 120 ஜிபியாக எடுத்த இமேஜ் 80 ஜிபி டிஸ்கில் இறங்காது.